மூடிக்குள்ள ஒரு கோடு

எல்லாமே புதுசா இருக்கேன்னு கேக்கியளா தம்பி? கேக்க வேண்டிய கேள்விதான். பியட்டு வண்டி, எண்பத்து நாலாம் மாடல். பானட்டைத் தூக்கினா காயில் புதுசு, கண்டன்சர் புதுசு, பிளக்கு நாலும் புதுசு, ஒயரெல்லாம் கடையில தொங்குற மாதிரி மினுங்குது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மட்டும் மூணாவது மூடி. வாங்க வந்த எவனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நேத்து கடையநல்லூர்லேருந்து ஒருத்தன் வந்தான். இதைப் பாத்தான், 'பெரிய கோளாறு ஏதோ இருக்கு, பெரியவரு மறைக்காரு'ன்னு கூட வந்தவன்கிட்ட எனக்குக் கேக்குத மாதிரியே சொன்னான், போயிட்டான். என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. நீங்க கேட்டிய. அதனால சொல்லுதேன்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. பானட்டு திறந்தே கிடக்கட்டும். கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், வீட்டுக்காரி உள்ள இருக்கா. காதுல விழுந்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுதான் சங்கடமே.

என் பேரு ஆவுடையப்பன். தென்காசி டாக்சி ஸ்டாண்டுல கேட்டியன்னா தெரியும். முப்பத்தாறு வருசமா இந்த ஒரே வண்டி. என் மேல போலீஸ் கேஸுன்னு ஒண்ணு கிடையாது. எங்களுக்கு வருசம்னா குத்தால சீசன் மூணு மாசந்தான். ஆனியில சாரல் விழுந்துட்டா பிறகு ஆவணி முடிய வீட்டுல உக்காந்து சோறு திங்க நேரம் இருக்காது. இந்த வருசமும் சாரல் நல்லாத்தான் விழுந்துச்சு. வண்டிதான் நின்னு போச்சு.

முத சவாரி சாத்தூர் வாத்தியாரு குடும்பம். பதினெட்டு வருசமா என் வண்டியிலதான் வாராவ. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ரயிலு. நான் அஞ்சரைக்குக் குளிச்சு, துண்ணூறு பூசி, வண்டியில உக்காந்து சாவியைத் திருப்புதேன். செல்ஃப் ஜோரா எடுக்கு. இன்ஜின் சுத்துது. பிடிக்க மாட்டேங்கு. திருப்புதேன், திருப்புதேன், கர்ரு கர்ருன்னு சுத்துதே ஒழிய பிடிக்கல.

பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா ரெண்டு விசயந்தான் தம்பி. பெட்ரோல் வரல, இல்லைன்னா கரண்டு வரல. கார்புரேட்டர் பக்கம் மூக்கை வச்சேன், பெட்ரோல் வாடை அடிக்கு. அப்ப கரண்டு. பூரணத்தைக் கூப்பிட்டேன். பூரணம்னா வீட்டுக்காரி. 'உள்ள உக்காந்து நான் சொல்லும்போது சாவியைத் திருப்பு'ன்னேன். வந்து உக்காந்தா. காயில்லேருந்து வார நடு ஒயரைப் பிடுங்கி இன்ஜின் பக்கத்துல பிடிச்சேன். டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்கு. பொறி நல்லா இருக்குன்னு அர்த்தம். பிளக்குக்குப் போற ஒயரைப் பிடிச்சேன், சத்தமே இல்ல. அப்ப என்ன? மூடி வரைக்கும் கரண்டு வந்துருது. மூடிக்குள்ள போயி காணாமப் போகுது.

மூடின்னா இந்தா இதுதான், கழட்டிப் போட்ட பழசு. கையில வாங்கிப் பாருங்க. நடுவுல கரண்டு வரும், உள்ள ஒரு ரோட்டார் சுத்திச் சுத்தி நாலு மூலைக்கும் பிரிச்சுக் குடுக்கும். சமையக்கட்டுல ஒருத்தி நாலு பேருக்குப் பரிமாறுத மாதிரி. அதுல ஈரம் பிடிச்சா அவ்வளவுதான், கரண்டு வழி தவறிரும். சாரல் காலத்துல இது சகஜம். கழட்டினேன். உள்ள பாத்தேன். சுத்தமா இருக்கு. விரிசல் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கேஸ் அடுப்புல தூரமாக் காட்டி உணத்தினேன். மாட்டினேன். பிடிக்கல. மறுபடியும் உணத்தினேன். பிடிக்கல.

வாத்தியாரு போன் போடுதாவ. 'ஆவுடை, ரயிலு வந்துட்டுப்பா'ங்காவ. அஞ்சு நிமிசம்னேன். பிறகு பத்து நிமிசம்னேன். ஏழேகாலுக்கு அவுகளே போன் பண்ணி, 'பரவால்லப்பா, இங்க துரைப்பாண்டின்னு ஒரு டிரைவர் நின்னாரு, ஏறிட்டோம்'ன்னாவ. பதினெட்டு வருசம் தம்பி. ஒரு நாள் காலையில போச்சு.

ஒம்பது மணிக்கு ஆத்திரத்துல பெட்ரோல் துணியை வச்சு மூடிக்குள்ள அழுத்தித் தேச்சு மாட்டினேன். ஒரே திருப்புல பிடிச்சுக்கிட்டு. எனக்குக் கோவம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். பூரணம் பக்கத்துல நின்னா. 'ஈரந்தான்போல. போனது போகட்டும், சாப்பிட வாங்க'ன்னா.

மறுநாள் புது மூடி வாங்கி மாட்டினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேன், குதிரை மாதிரி பிடிக்கு. புதன்கிழமை பாபநாசத்துக்கு ஒரு சவாரி. அன்னைக்குக் காலைல பிடிக்கல. ரோட்டார் மாத்தினேன். அடுத்த சவாரிக்குப் பிடிக்கல. ஒயர் மாத்தினேன். பொறியைக் கிளப்புத சி.பி. பாயிண்டை உப்புத்தாள் போட்டு உரசினேன், கண்டன்சர் மாத்தினேன், காயிலையும் மாத்தினேன். சவாரி இல்லாத நாள்ல பொட்டிப் பாம்பாட்டம் சொன்னபடி கேக்கு. சவாரின்னா செத்த பொணம். சவாரி இருக்குன்னு வண்டிக்கு யாரு சொன்னா? நான் போன்ல பேசுதது வீட்டுக்குள்ள. வீட்டுல இருக்கிறது நானும் அவளும். அப்பவும் எனக்குப் புத்தி ஓடல பாருங்க.

எனக்கு ஓடினது துரைப்பாண்டி. ஏன்னா இந்த மாதிரி வேலையை முன்னாடி ஒரு டிரைவர் எனக்குச் செஞ்சிருக்கான். தொண்ணூத்தெட்டுல. அவன் இப்ப இல்ல, பேரு வேண்டாம். மூடிக்குள்ள பென்சில்ல ஒரு கோடு இழுத்து விட்டுட்டான். பென்சில்ல இருக்கிறது கரி. கரியில கரண்டு ஓடும். பிளக்குக்குப் போற கரண்டு அந்தக் கோட்டு வழியா நைசா பாடியில இறங்கிரும். அன்னைக்கு ஒரு பகல் பூரா மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சேன். வீட்டுக்கு வந்து பூரணத்துக்குப் பேப்பர்ல வரைஞ்சே காட்டினேன். ரசிச்சுக் கேட்டா. இந்தத் தடவையும் அந்தச் சந்தேகத்துல ஒவ்வொரு மூடியையும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கோடு கிடையாது. கோடு இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? வேற ஏதோ புது வித்தை செய்தான்னு நெனச்சேன்.

நேரா ஸ்டாண்டுக்குப் போனேன். பத்து டிரைவரு நிக்கான். நடுவுல வச்சு துரைப்பாண்டி சட்டையைப் பிடிச்சேன். 'என் வயித்துல அடிக்கியே, நீ விளங்குவியாடா'ன்னேன். அவன் என்னை விட இருபது வயசு சின்னவன், நெனச்சா ஒரு தள்ளுல சாச்சிருவான். கையைத் தூக்கல. 'அண்ணாச்சி, உங்க வண்டிப் பக்கம் நான் வந்ததே கிடையாது'ன்னான். 'பொய் சொல்லாதடா'ன்னேன். சட்டையில ரெண்டு பொத்தான் தெறிச்சு விழுந்துச்சு. அவன் சொன்னான், 'அண்ணாச்சி, உங்க வண்டி ஓடலைங்கதுல இங்க எல்லாருக்கும் நிம்மதிதான். ஆனா நாங்க யாரும் ஒண்ணும் செய்யல.' அந்தப் பத்துப் பேரும் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கான். குத்தமுள்ள நெஞ்சுன்னு நான் நெனச்சேன். போட்டி தொலைஞ்ச நிம்மதிங்கான்னு நெனச்சேன்.

வேற என்ன நிம்மதி அவங்களுக்கு? நீங்களே சொல்லுங்க.

சரி, மே மாசத்து விசயத்தையும் சொல்லிருதேன். இல்லைன்னா வெளிய எவனாவது வேற மாதிரி சொல்லுவான். செங்கோட்டையில ஒரு விசேச வீட்டுக்குப் போயிட்டு நானும் பூரணமும் வாரோம். ஒரு ஆளு சைக்கிள்ல வாழைத்தாரு கட்டிக்கிட்டு எதுக்க வந்துட்டான். எங்கேருந்து வந்தான்னே தெரியல. பள்ளத்துக்குள்ள விழுந்துட்டான். அடி ஒண்ணும் பெருசா இல்ல, முழங்கையில சிராய்ப்பு, தாருதான் செதறிப் போச்சு. அந்தச் சைக்கிள்ல லைட்டு கிடையாது தம்பி. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ஒருத்தன் லைட்டு இல்லாம வந்தா நான் என்ன செய்ய? பூரணம் இறங்கிப் போயி அவனைத் தூக்கி விட்டு, காயத்துல தண்ணி ஊத்திக் கழுவினா. வீடு வார வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தா. அவ்வளவுதான் நடந்துச்சு. நம்ம வீட்டுக் கேட்டுத் தூணுல ஒரு உரசல் இருக்கு பாத்தியளா, அது கொத்தனாரு தூணைத் தள்ளிக் கட்டிட்டான்.

கடைசில மைதீனை வரச் சொன்னேன். நல்ல மெக்கானிக்கு, பொய் பேச மாட்டான். அன்னைக்கும் ஒரு சவாரி காத்துக்கிட்டு இருந்துச்சு, அன்னைக்கும் பிடிக்கல. மைதீன் வந்து நான் செஞ்ச அதே சோதனையெல்லாம் செஞ்சான். அதே எடத்துக்கு வந்தான். மூடியைக் கழட்டி எடுத்துக்கிட்டு முத்தத்துக்குப் போனான். ரொம்ப நேரம் அதுக்குள்ள பாத்துக்கிட்டே நின்னான். பிறகு கட்டை விரலை உள்ள விட்டு ஒரு இழுப்பு இழுத்துட்டு, விரலைப் பாத்தான்.

'அண்ணாச்சி, இதுக்குள்ள நீங்க பாத்தியளா?'ன்னான்.

'பாத்தேனே. சுத்தமா இருக்கு'ன்னேன்.

'இதோ, இங்கன. இது என்னது?'

வாங்கிப் பாத்தேன். 'நெழலு'ன்னேன்.

'நெழலு இல்ல அண்ணாச்சி, பென்சில் கோடு. நாலு கோடு இருக்கு. பிள்ளைய ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி அழுத்திப் போட்டிருக்கு.'

'வெளிச்சம் பத்தலப்பா'ன்னேன்.

அவன் என்னையே பாத்தான். 'வெயில்ல நிக்கோம் அண்ணாச்சி'ன்னான்.

வெயிலு எனக்கும் முதுகுல சுட்டுது. ஆனா நான் என்ன சொன்னேன்? 'பாத்தியா, துரைப்பாண்டிதான், நான் சொன்னேம்லா'ன்னேன். மைதீன் மூடியைத் துடைச்சு மாட்டினான். சாவியைத் திருப்பினான், பிடிச்சுக்கிட்டு. ஸ்பானரையெல்லாம் பைக்குள்ள போட்டான். 'வண்டியில எனக்கு வேலையே இல்ல அண்ணாச்சி. உங்க கேட்டுப் பூட்டியிருக்கு, வீட்டைச் சுத்திச் சுவரு இருக்கு. பானட்டைத் திறக்கிறதுக்கு வண்டிக்குள்ள கையை விட்டு இழுக்கணும், வண்டிச் சாவி உங்க வீட்டு ஆணியில தொங்குது'ன்னு சொல்லிட்டு வீட்டு வாசலைப் பாத்தான். நானும் திரும்பிப் பாத்தேன். பூரணம் நெலையில சாஞ்சுக்கிட்டு நின்னா. அவன் போனதுக்குப் பிறகும் நின்னா. நான் கேக்கல. அவ சொல்லல.

மூணு நாள் அப்படி. சோறு வைப்பா, திம்பேன். தண்ணி வைப்பா, குடிப்பேன். சொந்தப் பொண்டாட்டி புருசன் பொழைப்புல மண்ணைப் போடுவாளா தம்பி? பதினாறு வயசுல கூட்டிட்டு வந்தேன். ஒரு நாள் கை நீட்டினது கிடையாது. பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். சைக்கிள்காரன் விழுந்ததைப் பாத்துப் பயந்துட்டா, பொம்பளை மனசுன்னு நெனச்சேன். நான் பயப்படாதவன்லா, நாமதான் நடத்திக் காட்டணும்னு முடிவு பண்ணினேன்.

நாலாம் நாள் ராஜபாளையத்துலேருந்து ஒரு குடும்பம். புருசன், பொண்டாட்டி, ரெண்டு சின்னப் பிள்ளைய. அச்சன்கோவிலுக்குப் போகணும், மலைப்பாதை. அந்தப் போனை வேணும்னே அவ பக்கத்துல நின்னு பேசினேன். காலைல ஆறரைக்கு எந்திரிச்சு நேரா பானட்டைத் திறந்தேன். மூடியைக் கழட்டி, கண்ணால பாக்கவே இல்ல, பெட்ரோல்ல முக்கின துணியை உள்ள விட்டு, துணி கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடுற வரைக்கும் தேச்சேன். மாட்டினேன். உக்காந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. அந்தச் சத்தம் இருக்கே, நான் ஜெயிச்ச சத்தம் மாதிரி இருந்துச்சு.

இந்தா, இங்கேருந்து கேட்டு முப்பதடி. கேட்டுத் திறந்து கிடந்துச்சு. ரோடு தெரிஞ்சுது. காலியா இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன் தம்பி, காலியா இருந்துச்சு. ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு விட்டேன். பாதி தூரம் போயி ஆக்சிலேட்டரையும் லேசா மிதிச்சேன்.

டம்முன்னு பானட்டு மேல ஒரு அடி.

பிரேக்கை மிதிச்சேன். வண்டி குலுங்கி நின்னுது, இன்ஜின் அணைஞ்சுது. பானட்டுக்கு அந்தப் பக்கம் பூரணம். ரெண்டு கையையும் பானட்டு மேல ஊணிக்கிட்டு நிக்கா. பம்பரு அவ முழங்கால்ல முட்டிக்கிட்டு நிக்கு.

இறங்கி ஓடினேன். 'எப்ப வந்த நீ? பைத்தியமா உனக்கு?'ன்னேன்.

'நீங்க சாவியைத் திருப்பும்போதே இங்கனதான் நிக்கேன்'ன்னா. குரல் உசரவே இல்ல. 'எவ்வளவு தூரத்துல பாப்பீங்கன்னு நின்னேன்.'

'சாரல் விழுது, கண்ணாடியெல்லாம் தண்ணி. நீ இந்தச் சாம்பல் சேலையைக் கட்டிக்கிட்டு ரோட்டுக் கலர்ல நின்னா எவனுக்குத் தெரியும்?'

அவ குனிஞ்சு தன் சேலையைப் பாத்தா. முந்தானையைத் தூக்கி எங்கிட்டக் கொண்டாந்தா, கண்ணு பக்கத்துல. 'மக கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. நம்ம வீட்டுல இதை விடச் செவப்பு வேற சேலை கிடையாது. உங்களுக்குத் தெரியட்டும்னுதான் காலங்காத்தால இதை எடுத்துக் கட்டினேன்'ன்னா.

நான் அந்தச் சேலையைப் பாத்தேன். பக்கத்துல வச்சுப் பாத்தா செவப்புதான்.

சாரல் விழுந்துச்சு தம்பி. அது பொய்யில்ல. லேசாத்தான் விழுந்துச்சு.

அப்ப போன் அடிக்கி. ராஜபாளையத்துக்காரவ. லாட்ஜு வாசல்ல பிள்ளைகளோட நிக்காவ. பூரணம் என் கையிலேருந்து போனை வாங்கினா. 'வர முடியாது, வண்டி கோளாறு, வேற வண்டி பாத்துக்கிடுங்க'ங்கா. எனக்கு எங்கேருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ, 'வண்டி கோளாறுன்னா சொல்லுத? என் வண்டியில என்ன கோளாறு?'ன்னு கத்தினேன்.

அவ போனைக் கையால பொத்திக்கிட்டா. 'வேற என்ன சொல்லட்டும்?'ன்னா. 'நீங்க சொல்லுங்க, அதை அப்படியே சொல்லுதேன். இத்தனை நாளும் பழியை வண்டி மேல போட்டா உங்களுக்குக் கவுரவமா இருக்கும்னுதான் கோடு கோடாப் போட்டேன். வேண்டாம்னா வேற சொல்லுதேன். என்னன்னு சொல்லுங்க.'

போனைப் பொத்திக்கிட்டு நிக்கா. அந்தப் பக்கம் 'ஹலோ, ஹலோ'ங்காவ. ஒரு சின்னப் பிள்ளை சத்தமும் கேக்கு. நான் வண்டியைப் பாத்தேன். முப்பத்தாறு வருசம். ஒரு நாள் நடு வழியில என்னைக் கைவிட்டது கிடையாது.

'வண்டி கோளாறுன்னே சொல்லிரு'ன்னேன்.

சொன்னா. வச்சுட்டா. அதுக்குப் பிறகுதான் அவ உக்காந்தா, அந்தா அந்தப் படியில. முழங்காலு வீங்கிப் போச்சு, பத்து நாள் நொண்டி நொண்டி நடந்தா. நான்தான் ஒத்தடம் குடுத்தேன். அவ திட்டல. திட்டினா நல்லா இருக்கும்னு எனக்கு இருந்துச்சு.

ஆசுபத்திரிக்கும் போனோம், நெல்லையில. டாக்டர் சின்னப் பையன். மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லி அரை மணி நேரம் பாத்தான். கண்ணுக்குள்ள நடுவுல கெட்டுப் போச்சாம், ஓரம் நல்லா இருக்காம். அதனாலதான் ரோடு தெரியுது, மரம் தெரியுது, நேரா எதுக்க நிக்கிறது மட்டும் இல்லாமப் போகுது. போனது வராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம்னான். ஓரமெல்லாம் எனக்கு இப்பவும் பளிச்சுன்னு தெரியும் தம்பி. உங்க செருப்பு புதுசு, சரிதானா? பாத்தியளா.

விக்கணும்னு சொன்னது நான்தான். அவ சொல்லல. கடையநல்லூர்க்காரன் நேத்து 'கோளாறு வண்டி'ன்னு சொல்லிட்டுப் போனான் பாருங்க, அவ உள்ளேருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கல. அதனாலதான் இன்னைக்கு நீங்க கேட்டதும் ஆதியிலேருந்து சொல்லுதேன். வண்டியில ஒரு கோளாறும் கிடையாது. எழுதி வேணும்னாலும் தாரேன்.

இந்தா சாவி. உக்காந்து திருப்புங்க. சோக்கு வேண்டாம், சும்மா திருப்புங்க... ம். கேட்டியளா அந்தச் சத்தத்தை? எங்கயாவது தட்டுதா? விட்டு விட்டு இழுக்கா? அப்படியே ஓடட்டும்.

ஓட்டிப் பாக்கணும்லா, வாங்க, ஒரு சுத்து போவோம். நான் இடது பக்கம் உக்காருதேன். போகும்போது டாக்சி ஸ்டாண்டு வழியாப் போங்க தம்பி. துரைப்பாண்டின்னு சொன்னேம்லா, அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். அன்னையிலேருந்து அந்தப் பக்கமே நான் போகல. ஆளு உசரமா இருப்பான், கையில வெள்ளிக் காப்புப் போட்டிருப்பான். அவன் நிக்கானான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். என்னைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பினாலும் திருப்புவான். திருப்பினா அதையும் சொல்லிருங்க, எனக்குத் தெரியாது. திருப்பினாலும் சரி, வண்டியை அவன் பக்கத்துல கொண்டு நிறுத்துங்க. நான் இறங்கிக்கிடுதேன்.